லேட் நோட்டு

ஹெலன் ஒரு பெயரை எழுதினால் எழுதினதுதான். அடித்துவிடுவது, போனால் போகிறது என்று விடுவது, இதெல்லாம் அவளிடம் கிடையாது. அப்படிப்பட்ட பெண்ணைத்தான் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் போன ஜூலையில் மாணவர் தலைவி ஆக்கினார்கள். எங்கள் காலனியிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பிள்ளை அவள். அன்றைக்கு அவள் அம்மா ரோசம்மாள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, முந்திரி தாராளமாகவே போட்டிருந்தாள்.

நான் சின்னப்பொண்ணு. ஹெலனின் அப்பா ராபின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பேன். காலனிப் பெண்பிள்ளைகள் போடுகிற யூனிபார்ம் பாதிக்கு மேல் என் கையால் தைத்தது. ஹெலனுக்கும் தைத்தேன், கன்னியம்மா மகள் சந்திரகலாவுக்கும் தைத்தேன். சந்திரகலா நெடுநெடுவென்று வளர்கிற உடம்பு. ஒவ்வொரு ஜூனிலும் பேண்டின் கால் மடிப்பைப் பிரித்துவிட வேண்டும். ரெண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தவர்கள். ஒருத்திக்கு ஜுரம் என்றால் இன்னொருத்தியும் போக மாட்டாள். அவ்வளவு ஒட்டு.

ராபினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் அப்பா ஜெயராஜ் ஆரணிப் பக்கம் ஒருத்தர் கழனியில் சாகிற வரைக்கும் கூலிக்குச் சேறு மிதித்தவர். ராபின் ஐடிஐ முடித்து, சிப்காட்டில் புட்டி மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பதினாறு வருஷம் கழித்து பேக்கிங் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனான். அதன் பிறகுதான் அவன் வீட்டுக்கு மாடி வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது, குழாய்க்கு ஒரு மோட்டாரும் வந்தது. அவன் லைனில் எங்கள் காலனிப் பெண்கள் ஏழு பேர் வேலை செய்தார்கள். அந்த ஏழு பேருக்கும் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் கெடுபிடி.

"எங்காளுங்களுக்கு ஒரு நிமிசம் உட்டேன்னு வெச்சிக்கோ, காலனிக்காரன சூப்பர்வைசர் ஆக்கினா இப்டிதான்னு சொல்லிடுவானுங்க. எனுக்கு அந்தப் பேரு வோணாம்" என்பான். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வான். எனக்கே சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஹெலன் கேட்காமல் இருப்பாளா?

மாணவர் தலைவிக்குப் பள்ளியில் நிறைய வேலை. காலையில் பிரேயரில் உறுதிமொழி சொல்ல வேண்டும். டீச்சர் வராத வகுப்பை அடக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வேலை, ஒன்பது பத்துக்கு மணி அடித்ததும் கேட்டில் நின்று லேட்டாக வருகிறவர்களின் பெயரை எழுதுவது. வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று பெயர், வகுப்பு, எண் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று தடவை பெயர் விழுந்தால் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து ஹெச்.எம்.மைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார முடியாது. ஒழுங்குக்குப் பொறுப்பான ஆதிநாராயணன் சார் போட்ட சட்டம் அது.

சந்திரகலா வாரத்தில் ரெண்டு நாள் லேட்டாக வருவாள். செவ்வாய், வியாழன். அந்த நாட்களில்தான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும். ராபின் லைனில் வேலை செய்த ஏழு பேரில் கன்னியம்மாவும் ஒருத்தி, ஏழே காலுக்குக் கம்பெனி வேன் ஏறிவிடுவாள். அவள் புருஷன் முனுசாமி செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் தண்ணீர் பிடிக்க சந்திரகலாவை விட்டால் ஆள் இல்லை. எட்டே காலுக்குத் தண்ணீர் விடுவார்கள், ஒன்பதுக்கு நிறுத்துவார்கள். ஆறு குடம் பிடித்து வைத்துவிட்டு, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடுவாள். பள்ளிக்கு நடை இருபது நிமிஷம்.

டிசம்பர் வரைக்கும் ஹெலன் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டிருக்கிறாள். யாரையும் விடாதவள் இவளை மட்டும் விட்டாள். கண்ணாலேயே 'சீக்கிரம் போ' என்பாளாம். இதைக் கண்டுபிடித்தவள் காயத்ரி. துணைத் தலைவி அவள். ஊருக்குள் நெல் வயல் உள்ள வீட்டுப் பெண், கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிற ரகம்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம், பனி விலகாத காலை, கேட்டில் பத்துப் பிள்ளைகள் முன்னால் கேட்டாள்: "ஏன் ஹெலன், எங்க தெருப் பொண்ணு ரெண்டு நிமிசம் லேட்டுன்னு நேத்து எழுதின. இப்ப சந்திரகலாவ உட்டுட்ட. உங்க காலனிக்கு ஒரு ரூலு, எங்களுக்கு ஒரு ரூலா?"

ஆதிநாராயணன் சார் பக்கத்தில்தான் நின்றார். ஹெலனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அப்பா சொன்ன வார்த்தைகள் அத்தனையும் காதில் வந்து நின்றன. "சந்திரகலா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

சந்திரகலா விளையாட்டு என்று நினைத்து சிரித்துக்கொண்டே வந்தாள். பேனா நகர்வதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நெஜமாவே எழுதினியாடி?"

"பேர் சொல்லு."

"என் பேரு உனுக்குத் தெரியாதா?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல, நீயும் சொல்லு."

சொன்னாள். சந்திரகலா, பன்னிரண்டு பி, பதினேழு.

அன்று சாயந்திரம் ரெண்டு பேரும் என் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். ஹெலன் கேட்டது என் காதில் விழுந்தது. "ஒரு கால் மணி நேரம் முன்னாடி கெளம்ப வேண்டியதுதானே? எனுக்குதான் பேஜாரா கீது."

"தண்ணி புடிக்க வோணாமா?"

"தண்ணிதான் எட்டே காலுக்கே உட்டுடறாங்களே. எங்கூட்ல எட்டே முக்காலுக்கெல்லாம் தொட்டி ரொம்பிடுது."

சந்திரகலா அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்கூட்ல ரொம்பிடும்" என்றாள். அதோடு போய்விட்டாள்.

அந்த மாதமே இன்னும் ரெண்டு தடவை பெயர் விழுந்தது. மூன்றாவது தடவை எழுதும்போது ஹெலன் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். சந்திரகலாவும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, பெயர், வகுப்பு, எண் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

கன்னியம்மா அன்று வேன் விட்டு இறங்கி நேராக என்னிடம்தான் வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் பை. நாளெல்லாம் மூடி பொறுக்கிப் போட்ட விரல்கள் வீங்கி இருந்தன.

"இன்னாக்கா பண்றது, நாளைக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்றாங்க. லேட்டா போனா கம்பெனி கேட்ல நிப்பாட்டிடுவான்."

"ஒரு நாள்தானே, சொல்லிட்டுப் போயேன்."

"ஒரு நாளுன்னா பரவால்லியே. இந்த மாசம் ரெண்டு தபா லேட்டாயிருக்குது. இவுளுக்குத் திருப்புதல் பரீட்ச நடந்துச்சில்ல, அந்த ரெண்டு நாளும் தண்ணி நான் புடிச்சிட்டுப் போனேன். இதோட மூணு. மூணாச்சின்னா கான்ட்ராக்டர்காரன் வேற ஆளப் போட்டுடுவான்."

"ராபின் கிட்ட சொல்லி வெய்யி. பக்கத்து ஊடுதானே."

"அது கிட்டயா?" என்று சிரித்தாள். "அது சாமி வந்து நின்னாலும் டைம் என்னான்னு கேக்கும்."

ஆனாலும் போய்ச் சொன்னாள். "சீக்கிரம் முடிச்சிக்கினு வா, பாக்கலாம்" என்றானாம் ராபின்.

மறுநாள் ஒன்பது மணிக்கே பள்ளியில் போய் நின்றாள். ஹெச்.எம். திருவள்ளூருக்கு மீட்டிங் போவதற்கு முன் ஏதோ பைல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்குத்தான் கூப்பிட்டார். மூன்றே நிமிஷம். "பொண்ண நேரத்துக்கு அனுப்புங்கம்மா, பப்ளிக் எக்ஸாம் வருது." கையெழுத்து வாங்கினார். அவள் ஷேர் ஆட்டோ பிடித்து கம்பெனி கேட்டுக்குப் போகும்போது பதினொன்று இருபது. செக்யூரிட்டி உள்ளே போன் போட்டான். "சார், ஒங்க லைன் ஆளு. உள்ள உடலாமா?"

ராபின் அந்த நேரம் லைனில் நின்றிருந்தான். சுற்றிலும் முப்பது பேர். ப்ரொடக்ஷன் மேனேஜர் எதிரில். எல்லார் கண்ணும் தன் மேல் இருக்கிற மாதிரி அவனுக்கு இருந்ததாம். "ரூல் இன்னா சொல்லுதோ அப்டியே பண்ணு" என்று போனை வைத்துவிட்டான்.

கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் அவள் இடத்தில் வேறு ஒருத்தி மூடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்திரகலா அதற்கு நாலாம் நாள் வேலைக்குப் போனாள். செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் இருக்கிற இறால் கம்பெனிக்கு. எளாவூரில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் தோலுரிக்கிற வேலை. ஒரு வருஷம் லேட்டாகச் சேர்த்த பிள்ளை என்பதால் பதினெட்டு முடிந்துவிட்டது, ஆதாரைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாதம். ப்ராக்டிகல் அதற்கும் முன்னால். ப்ராக்டிகலுக்குப் போகாவிட்டால் பாஸ் கிடையாது, பன்னிரண்டு வருஷப் படிப்பு அதோடு சரி.

அன்று ராபின் வீட்டில் நடந்தது முழுக்க எனக்குக் கேட்டது. சுவரில் காதை வைக்கவில்லை, அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. செங்கல் ஒற்றை வரிசைதான்.

"நைனா, கன்னியம்மா அத்தைய நீதான் உள்ள உடலியா?"

"நான் எங்க உடல? ரூலு உடல."

"அத்த எங்க ஸ்கூலுக்குதான் வந்துச்சு. நான் எழுதினதாலதான் வந்துச்சு."

"நீ உன் வேலய செஞ்ச. நான் என் வேலய செஞ்சேன்."

"அப்ப சந்திரகலா ஏன் நைனா எறா உரிக்கப் போவுது?"

ரோசம்மாள்தான் அதட்டினாள். "சாப்புடும்போது இன்னாடி பேச்சு? எடுத்து வாயில போடு."

"நீ சொல்லிக்குடுத்ததுதான் நைனா. நம்ப ஆளுன்னு உடக் கூடாதுன்னு. நானும் உடல, நீயும் உடல. நல்ல பேரு வாங்கிட்டோம்."

தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ராபின் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே வந்து நின்றான். என்னைப் பார்த்தான். நான் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் அவன் கான்ட்ராக்டரைத் தேடிப் போய் நின்றிருக்கிறான். "நீதானேப்பா ரூல்னு சொன்ன. ஆள் போட்டாச்சு, இப்ப வந்து கேட்டா?" என்று கான்ட்ராக்டர் சிரித்தானாம். திரும்பி வந்தவன் ரெண்டு நாள் நாஷ்டா தொடவில்லை. கன்னியம்மா வாசலைத் தாண்டவும் முகம் இல்லை. ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனான்.

பிப்ரவரி முதல் வாரம் பள்ளியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அது கல்யாணம் மாதிரி. ரெண்டு வாரம் முன்பிருந்தே பேச்சு. யார் எங்கே நிற்பது, ரிப்பன் என்ன நிறம். ஹெலன்தான் எல்லாம் ஏற்பாடு. போட்டோவுக்குக் கீழே அச்சடிக்கிற பெயர்ப் பட்டியலையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். பி பிரிவில் கடைசி வரிசை நடுவில் எப்போதும் சந்திரகலாதான், உயரத்துக்காக. அந்த இடத்தை ஹெலன் காலியாகவே விட்டுவிட்டு வந்து முன் நாற்காலியில் டீச்சர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போட்டோக்காரன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னாம்மா நடுவுல பல்லு உழுந்த மாதிரி கீது, நெருங்கி நில்லுங்க" என்றான். நெருங்கினார்கள். ஓட்டை மூடிக்கொண்டது. போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஹெலன் மட்டும் முழங்காலில் வைத்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் அவள் கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். தனியாகப் போக பயந்து என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டாள். கையில் சந்திரகலாவின் கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டு. விட்டுப்போன பக்கங்களையெல்லாம் தானே எழுதி, டீச்சரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.

கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்திரகலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ராத்திரி ஷிப்ட்.

"வா ஹெலனு. ஒக்காரு. கையெல்லாம் செதிலு."

ஹெலன் உட்காரவில்லை. "அத்த, நான் எழுதியிருக்கக் கூடாது."

"லேட்டா வந்தா எழுதாம இன்னா பண்ணுவ? அதுக்குதானே உன்ன வெச்சிக்கிறாங்க?" மீனின் வயிற்றைக் கிள்ளி எறிந்தாள். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வந்துச்சு. ரெண்டு நாளு உங்கூட்டுப் பக்கம் தல வெச்சிகூடப் படுக்கல. அப்பால யோசிச்சிப் பாத்தேன். யார் மேல கோவப்படறது? நோட்டு மேலயா?"

"என்னத் திட்டுங்க அத்த."

"திட்டினா வேல வந்துடுமா? போடி. உன்ன தூக்கி வளத்த கையி, திட்ட வரல."

ஹெலனுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். "செவ்வாக்கெழம ப்ராக்டிகல் அத்த. ஒம்போதரைக்கு. அதுக்கு மட்டும் வரச் சொல்லுங்க. ரெக்கார்டு முடிச்சிட்டேன்."

"நானா வோணாங்கறேன்? அவதான் கேக்க மாட்டேங்கறா. அடுத்த வருசம் எழுதிக்கிறேங்கறா. அடுத்த வருசம்னு சொன்னவ எவ எழுதியிருக்கா இந்தத் தெருவுல? சின்னப்பொண்ணக்காவக் கேளு."

கேட்கவே வேண்டாம். பத்தாம் வகுப்பு பரீட்சையை அடுத்த வருஷம் எழுதுகிறேன் என்று சொன்னவள் நான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"செவ்வாக்கெழம வேனு எட்டரைக்குத்தான் எளாவூர்ல எறக்கி உடும்" என்றாள் கன்னியம்மா. "வந்து தண்ணி புடிக்கணும். எனுக்கு இப்ப கொடம் தூக்க முடியல, கேட்ல நிப்பாட்டின அன்னிக்கி ஓடினதுல முட்டி புடிச்சிக்கிச்சு. அப்பறம் எங்கேர்ந்து ஒம்போதரைக்குப் போறது?"

"தண்ணி நான் புடிச்சி வெக்கிறேன் அத்த. ஆறு கொடமும். அவள நேரா ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க."

"நீயா?" என்று கன்னியம்மா சிரித்தாள். "தெருக் கொழாவுல நீ தண்ணி புடிச்சிக்கிறியா எப்பவாவது?"

"அரை மணி நேரம் அத்த. புடிச்சிடுவேன்."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே ஹெலன் யூனிபார்மில், நெஞ்சில் தலைவி பேட்ஜோடு, தெருமுனைக் குழாயடியில் நின்றாள். பக்கத்தில் கன்னியம்மாவின் ஆறு பிளாஸ்டிக் குடம். என்னோடு சேர்த்து இன்னும் நாலைந்து பொம்பளைகள். எல்லாருக்கும் விஷயம் தெரியும், அவளையே முதலில் பிடிக்கச் சொல்லிவிட்டோம்.

எட்டே காலுக்குக் குழாய் இருமியது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. முதல் குடம் ரெண்டு நிமிஷத்தில் நிறைந்தது. ஹெலன் முகத்தில் ஒரு தெளிவு. ரெண்டாவது குடம் வைத்தாள். பாதி நிறையும்போது தண்ணீர் மெலிந்தது. மெலிந்து மெலிந்து நூலாகிவிட்டது. குடத்துக்குள் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இன்னாக்கா, நிறுத்திட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பின்னால் நின்றவள்தான் சொன்னாள். "நிறுத்தல. இப்டிதான் வரும். எட்டே முக்காலுக்கு மேல திரும்ப நல்லா வரும், பதினஞ்சி நிமிசம். அதுக்குள்ள ஆறு கொடம் புடிச்சிக்கினு ஓடணும்."

"ஏன்?"

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரு அமைதியாக இருந்தது, நாலாவது வீட்டிலிருந்து மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அது ஹெலன் வீடு. தொட்டி நிறையும் வரைக்கும் அந்த மோட்டார் பைப்பில் உள்ள தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆறு வருஷமாக இப்படித்தான். எங்களுக்கெல்லாம் தெரியும்.

இங்கே என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்பதால் ரோசம்மாள் தன் குழாயிலிருந்து எனக்குத் தினமும் ரெண்டு குடம் கொடுப்பாள். அந்த ரெண்டு குடத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். குழாயடிக்கு நான் வருவதே ஊர்ப்பேச்சுக்குத்தான்.

ஹெலன் குடத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். "சந்திரகலாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? வருசக்கணக்கா புடிக்கறா."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"இன்னான்னு சொல்லும்? உங்கூட்டு மோட்டார நிறுத்துன்னா? பிரெண்டுன்னு இருந்துச்சு, பாவம்."

ஹெலன் தன் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே ரோசம்மாள் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ராபினுக்கு ரெண்டாவது ஷிப்ட், லுங்கியோடு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, மோட்டார நிறுத்து!"

"இரு, தொட்டி பாதிகூட ரொம்பல."

"நம்ப மோட்டாராலதான் அவ லேட்டு. நீ இங்க ஸ்விட்ச்ச போடற, நான் அங்க நின்னு பேரு எழுதறேன். நைனா கேட்ல நிப்பாட்டுது. மூணு பேரும் சேந்துதான் பண்ணிக்கிறோம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "உனுக்குத் தெரியுமாம்மா?"

ரோசம்மாள் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லில் தோசை கருகியது. "தெரியும்" என்றாள். "தெரியாம இன்னா. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதா? நம்பளுக்கு ரொம்பினா போதும்னு இருந்துட்டேன். ஆத்தா, நான் இவ்ளோ ஆவும்னு நெனைக்கல."

"எனுக்கும் தெரியும்" என்றான் ராபின், தரையைப் பார்த்தபடி. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தான். அதோடு விடவில்லை, வயரையும் பிளக்கோடு பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். வேலைக்கு ஆள் நிறுத்தத் தெரிந்த மனுஷன், அன்றைக்கு ஒரு வயரை வைக்க இடம் தெரியாமல் நின்றான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

குழாயில் தண்ணீர் திரும்ப வந்தது. மிச்சக் குடங்களை ராபினே தூக்கிக்கொண்டு கன்னியம்மா வாசலில் இறக்கினான். லுங்கியெல்லாம் ஈரம். கன்னியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "உள்ள வெச்சிடு ராபினு, வெயிலு படும்" என்றாள் அவள். வைத்துவிட்டு வந்தான்.

ஹெலன் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதே கால். ஐந்து நிமிஷம் லேட். கேட்டில் லேட் நோட்டோடு காயத்ரி நின்றிருந்தாள். ஹெலன் நேராக வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். "எழுது" என்றாள்.

"ஏய், லூசா நீ? போ உள்ள" என்று காயத்ரி சிரித்தாள். "இன்னா பேண்ட்டு, சட்டையெல்லாம் ஈரம்? போ, போ. ஒரு நாள்தானே. சார் வர்றதுக்குள்ள போயிடு."

பிற்பாடு இதையெல்லாம் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஹெலன் சொல்லும்போது, அந்த 'ஒரு நாள்தானே'வைச் சொல்லிவிட்டு என் துண்டுத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவ்வளவு சுலபமாகக் காயத்ரி விட்டுவிட்டாளாம். விடுவது அவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாதாம்.

ஹெலன் உள்ளே போகவில்லை. காயத்ரி கொடுத்துவிட்டுப் போன நோட்டோடு கேட்டிலேயே நின்றாள். ஒன்பதரை ஆயிற்று. லேபில் மணி அடித்து முதல் பேட்ச் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒன்பது முப்பத்தைந்து. வரமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டாள். அப்போதுதான் ரோட்டுத் திருப்பத்தில் உயரமாக ஒரு உருவம் ஓடி வந்தது.

சந்திரகலா. அன்றைக்கென்று வேன் அரை மணி நேரம் லேட்; வேனிலேயே யூனிபார்ம் மாற்றிக்கொண்டு எளாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நேராக வந்திருக்கிறாள். பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இந்த வருஷம் மடிப்புப் பிரித்துவிட என்னிடம் கொண்டுவரவே இல்லை. விரல்களெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. கிட்டே வந்ததும் இறால் வாடை அடித்தது.

கேட்டுக்குள் நுழைந்தவள் ஹெலனைத் தாண்டி ஓடவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சந்திரகலா, பன்னண்டு பி, பதினேழு."

"ஏய், வாடி, லேப்ல கூப்ட்டுட்டாங்க. ரெக்கார்டு என்கிட்ட கீது" என்று ஹெலன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சந்திரகலா நகரவில்லை. நக்கல் இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே சொன்னாள். "எழுதிக்கோடி. எழுதாம உட்டா அப்பறம் உன்னதான் கேப்பாங்க. எங்கம்மாவ எத்தினி தபா வேணா வரச் சொல்லு. இப்ப ஊட்லதான் கீது."